பேரேட்டில் ஒரு கல்யாணி: பாட்டு நோட்டு தேடுவோருக்கு

முதலில் ஓர் ஆசையை இறக்கிவைத்துவிடுங்கள். தியாகராஜர் கைப்பட எழுதிய கீர்த்தனை ஏடு உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் கையெழுத்தும் அப்படித்தான். "எங்க தாத்தா வீட்டுப் பரண்ல கெடக்கு" என்று யாராவது சொன்னால் சந்தோஷமாகப் போய்ப் பாருங்கள், காப்பி கொடுத்தால் குடியுங்கள், பர்ஸை மட்டும் எடுக்காதீர்கள்.

மேற்கத்திய இசையில் கைப்பிரதிச் சேகரிப்பு பெரிய பணம் புரளும் இடம். மாலர் என்ற இசையமைப்பாளரின் இரண்டாம் சிம்பொனி, 232 பக்கமும் அவர் கைப்பட எழுதியது, 2016 நவம்பரில் லண்டன் சோதபிஸ் ஏலத்தில் 45 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. பேத்தோவனின் 80 பக்கக் கைப்பிரதி ஒன்று, அமெரிக்காவில் பிலடெல்பியா அருகே ஓர் இறையியல் கல்லூரியில், அலமாரியின் அடித்தட்டில் கேட்பாரற்றுக் கிடந்தது. 2005இல் நூலகர் ஒருவர் கண்ணில் பட்டு, அந்த டிசம்பரிலேயே 11 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அழித்து அழித்து எழுதியதில் தாள் சில இடங்களில் ஓட்டையே விழுந்திருந்தது. அந்த ஓட்டைக்குத்தான் அவ்வளவு விலை என்பேன். அந்த ஊர் இசையமைப்பாளர் தாளில் யோசிப்பவர். அவர் எங்கே தடுமாறினார், எங்கே மனம் மாறினார் என்பதெல்லாம் மையில் பதிந்துவிடுகிறது.

நம்மவர் யோசித்தது தொண்டையில். பாடினார், சீடர் கேட்டுக்கொண்டார், வீட்டுக்குப் போய் ஏட்டில் எழுதிக்கொண்டார். தியாகராஜர் பாடல்கள் நமக்குக் கிடைத்த பெரிய எழுத்துச் சேமிப்புகளில் ஒன்று வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் குடும்பமும் எழுதிவைத்தது. அது இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கிறது. அதுவும் சீடர் கைதான். பழைய ஏடுகளில் பெரும்பாலும் சாகித்தியம் இருக்கும், மேலே ராகமும் தாளமும் இருக்கும், அவ்வளவுதான். ஸ்வரப்படுத்தி எழுதும் பழக்கம் பரவியது பிற்பாடுதான். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டது 1890களில். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' எட்டயபுரத்தில் அச்சேறியது 1904இல்.

கையெழுத்துப் போடும் ஆசை நம் வாக்கேயக்காரர்களுக்கும் இருந்தது, ஆனால் அதைத் தாளில் போடாமல் பாட்டுக்குள் போட்டார்கள். தீட்சிதர் 'குருகுஹ' என்றார், சியாமா சாஸ்திரி 'சியாமகிருஷ்ண' என்றார், பாபநாசம் சிவன் 'ராமதாசன்' என்றார். அந்த முத்திரையை யாரும் ஏலம் விட முடியாது.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது பாட்டு நோட்டு. மாணவர், பாகவதர், ஓதுவார், நாகஸ்வரக்காரர், நட்டுவனார் என்று யாரோ ஒருவர் தன் தேவைக்காக எழுதிவைத்த நோட்டு. பெயர் பெற்றவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் யாரிடம் கேட்டு எழுதினார் என்பதுதான் முக்கியம். அப்படி ஒருவர் வழியாக வந்த பாட்டின் வடிவத்தை இசைக்காரர்கள் பாடாந்தரம் என்பார்கள். இந்தச் சொல் மனதில் பதிந்துவிட்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்தது.

எங்கே தேடுவது

சிதம்பரத்தில் தொடங்குங்கள். 1929இல் அண்ணாமலை செட்டியார் அங்கே பல்கலைக்கழகத்தையும் இசைக் கல்லூரியையும் நிறுவினார். தொடக்கக் காலத்தில் அங்கே பாடம் சொன்னவர்களில் சபேசய்யர் ஒருவர். அவர் மகா வைத்தியநாதையரின் சீடர், மகா வைத்தியநாதையர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரின் சீடர், வேங்கடசுப்பையர் தியாகராஜரின் சீடர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1930களில் சபேசய்யர் எதிரே உட்கார்ந்து பென்சிலால் கிறுக்கிய ஒரு மாணவருக்கும் திருவையாற்றுக்கும் நடுவே மூன்றே பேர். தஞ்சை நால்வர் வழியில் வந்த பொன்னையா பிள்ளையும், டைகர் வரதாச்சாரியாரும் அங்கே கற்பித்தார்கள். பின்னாளில் தண்டபாணி தேசிகர் வந்தார். 1941இல் தமிழிசை மாநாடு கூடியதும் அங்கேதான். அந்த மாணவர்கள் பாட்டு வாத்தியாராக நம் கடலூர் மாவட்டம் முழுக்கப் பரவினார்கள். நெய்வேலி, விருத்தாசலம், பண்ருட்டி, சீர்காழி வரை அவர்களுடைய நோட்டுகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது.

காலட்சேபக்காரர் நோட்டு தனி ரகம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கதையைச் சிதம்பரம் பக்கத்தில் சொல்லாத பாகவதர் இல்லை. ஒவ்வொருவரும் தம் நிரூபணத்தில், அதாவது கதைக்கான பாட்டுத் தொகுப்பில், நடுநடுவே சொந்தச் சரக்கைச் சேர்த்திருப்பார். அச்சுப் புத்தகத்தில் இல்லாத ஒரு விருத்தம், ஊர்ப் பண்ணையாரைக் குத்தும் ஒரு வரி, எந்த இடத்தில் ஜனங்கள் சிரிப்பார்கள் என்ற குறிப்பு எல்லாம் ஓரத்தில் இருக்கும். நாகஸ்வர வீடுகளில் மல்லாரி நோட்டு, தவில் வீடுகளில் சொற்கட்டு நோட்டு. இவற்றில் பாதி சுருக்கெழுத்துப் போல இருக்கும். எழுதியவர் வீட்டாரில் ஒருவர் வாசித்துக் காட்டினால்தான் புரியும். ஆகவே வாங்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கடலூர் முதுநகரில் வேறு மாதிரி. இது துறைமுக ஊர், வியாபார ஊர். கடலூர் துறைமுகம் சந்திப்பில் இறங்கி நடந்தால் பழைய மண்டிகளும் கிட்டங்கிகளும் இன்னும் சில நிற்கின்றன. இங்கே காகிதம் என்றால் கணக்குத்தான். வீடு இடிக்கும்போது மூட்டை மூட்டையாகப் பேரேடுகள் பழைய பேப்பர் கடைக்கு வரும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன், பாட்டு எழுதின நோட்டு வந்தால் எடுத்துவையுங்கள் அண்ணே என்று. அவர் சிரித்தார். "பாட்டு நோட்டா? அதெல்லாம் எடையே நிக்காது தம்பி" என்றார். எடை நிற்கிற பேரேட்டுக்குள்ளேதான் அது இருந்தது.

தடித்த, சிவப்புத் துணி முதுகுள்ள பேரேடு. முன்பக்கத்திலிருந்து மல்லி, மிளகாய், புளி வரவுசெலவு. முக்கால்வாசிக்கு மேல் வெற்றுத் தாள். பின்பக்கத்திலிருந்து திருப்பினால், ஒரு பிள்ளையார் சுழி, அதன் கீழே 'சர்வஜித்து ஆவணி', அப்புறம் சரளி வரிசை. அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிவைத்திருக்கிறார்கள், நோட்டு வாங்கிக் கொடுக்கவில்லை. நாற்பது பக்கம் தாண்டினால் கல்யாணி, ஆதி தாளம். பல்லவி வரிக்கு மேலே நீல மையில் ஸ்வரம். இரண்டாம் சங்கதியை ஒருமுறை எழுதி, அடித்து, பக்கத்தில் வேறு கையெழுத்தில், கனமான பென்சிலில், திருத்தியிருக்கிறது. அது வாத்தியார் கை. கீழே அந்தப் பெண் எழுதியது: 'மூன்றாவது நாளைக்கு'. அதற்கடுத்து 'ஸார் சம்பளம் ரூ. 3 பாக்கி'. அடுத்த பக்கத்தில் மூன்றாம் சங்கதி இல்லை. நேரே வேறு பாட்டுக்குப் போய்விட்டது. சம்பளம் வரவில்லையோ என்னவோ.

இதைக் காட்டிலும் நல்ல கையெழுத்துப் பக்கம் என்னிடம் கிடையாது. பேத்தோவன் தாளில் ஓட்டை விழுந்ததற்கு என்ன மதிப்போ, அந்த வாத்தியார் பென்சிலுக்கும் அதே மதிப்பு.

காலம் கணிப்பது

தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். சர்வஜித்து என்றால் 1887ஆக இருக்கலாம், 1947ஆக இருக்கலாம், 2007ஆகவும் இருக்கலாம். ஆகவே ஆண்டைத் தனியாக நம்பக் கூடாது, தாளிலுள்ள மற்றதோடு சேர்த்துப் பாருங்கள். பேரேட்டின் முன்பாதியில் கணக்கு அணா, பையில் இருந்தது. தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1. ஆக 2007 அடிபட்டுப் போயிற்று. 1887க்கு அந்த மில் தாளும் மையும் ஒத்துவரவில்லை. 1947தான்.

நோட்டின் அட்டையை ஒருபோதும் தூக்கி எறியாதீர்கள். விலை அணாவில் இருந்தால் 1957க்கு முன். 'ந.பை.' என்றிருந்தால் அதற்கடுத்த சில ஆண்டுகள். கடை முத்திரையில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். 'சென்னை ராஜ்யம்' என்றிருந்தால் 1969க்கு முந்தியது. நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: 'தென்னார்க்காடு ஜில்லா' என்று இருந்தால் 1993 செப்டம்பருக்கு முன். அதன் பிறகு சில ஆண்டுகள் இது 'தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம்', அப்புறம்தான் கடலூர் மாவட்டம். அட்டை அச்சான காலமும் எழுதிய காலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய டைரியைப் பத்து வருஷம் கழித்துப் பாட்டு நோட்டாக்குகிற சிக்கனம் நம் வீடுகளில் சாதாரணம். அட்டை சொல்வது 'இதற்கு முன் இல்லை' என்பதை மட்டும்.

எழுத்து அடுத்த சாட்சி. ணா, றா, னா, லை, ளை போன்ற பதின்மூன்று எழுத்துகளின் இன்றைய வடிவத்தை அரசு ஏற்றது 1978 அக்டோபரில். அதற்கு முன் லையும் ளையும் மேலே கொம்பு வைத்தவை, ணாவும் றாவும் னாவும் காலைச் சுழித்துக்கொண்டவை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய வடிவம் இருந்தால் நோட்டு பழையது என்று முடிவுகட்டாதீர்கள். என் பாட்டி சாகும்வரை கொம்பு லைதான் எழுதினாள். மறுபக்கம், 1950 என்று தேதியிட்ட தாளில் புது லை இருந்தால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். பெரியார் தம் பத்திரிகையில் 1935லேயே சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார், ஆகவே அந்த வழி வந்தவர் ஒருவர் எழுதியிருக்கலாம். குருகுலத்தில் படித்த பாகவதர் எழுதியிருக்க மாட்டார்.

மை: பழைய ஊற்றுப்பேனா நீலக்கறுப்பு மை காலப்போக்கில் விளிம்பில் பழுப்பேறும். பால்பாயின்ட் பேனா தாளின் பின்புறத்தில் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளத்தை விடும். காப்பியிங் பென்சில் என்று ஒன்று இருந்தது, எழுதும்போது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதா. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்கள் கையில் இந்த நோட்டைக் கொடுக்காதீர்கள்.

ஸ்வரக் குறிப்பையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மேலே புள்ளி தார ஸ்தாயி, கீழே புள்ளி மந்தரம், தலைக்கு மேல் ஒரு கோடு இரண்டாம் காலம், இரண்டு கோடு மூன்றாம் காலம், காற்புள்ளியும் அரைப்புள்ளியும் கார்வை. இதெல்லாம் தெரிந்தால் ஒரு பெரிய கேள்விக்கு விடை கிடைக்கும்: இது காதால் கேட்டு எழுதியதா, புத்தகத்தைப் பார்த்து எழுதியதா? 1940களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அந்த அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அச்சுப்பிழை முதற்கொண்டு அப்படியே இருந்தால் புத்தகத்தைப் பார்த்துப் போட்ட நகல். வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, விலையைக் குறையுங்கள். சங்கதி கூடுதலாக இருந்தால், தாளக்கட்டு கொஞ்சம் வேறாக இருந்தால், ஒரு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தால், உங்கள் கையில் ஒரு பாடாந்தரம் இருக்கிறது.

கைப்பட எழுதிய ஒருவர்

ஆரம்பத்தில் சொன்ன விதிக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், வள்ளலார். கருங்குழியிலும் வடலூரிலும் மேட்டுக்குப்பத்திலும் இருந்து அவர் தம் கையால் தாளில் எழுதியவை காப்பாற்றப்பட்டன. அவருடைய கீர்த்தனைகளும் நாமாவளிகளும் இன்றைக்கும் மேடையில் பாடப்படுகின்றன, ஆகவே அவரைச் சங்கீதக் கணக்கில் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளைப் பதிப்பித்தது 1867இல். அடிகளிடமிருந்து பாடல்களை வாங்கி அச்சேற்ற இறுக்கம் இரத்தின முதலியார் பட்ட பாடு தனிக் கதை. அனுமதி கிடைக்கும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று இருந்தவர் அவர். 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு பகுதிகளாகப் பதிப்பித்த ஆ. பாலகிருஷ்ண பிள்ளை அடிகளின் கையெழுத்து மூலங்களை ஒப்பிட்டுப் பாடம் கண்டார். ஊரன் அடிகளின் காலமுறைப் பதிப்பு 1972இல் வந்தது. சேகரிப்பவர் இந்தப் பதிப்புகளை வாங்கிக் கையெழுத்துப் படிமங்களைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

மூலம் உங்களுக்கு விற்பனைக்கு வராது. வந்தால், சந்தேகம்தான் முதல் விருந்தாளி. ஒரு எளிய சோதனை சொல்கிறேன். தம்மை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவதைத் தாம் ஒப்பவில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதத்தில் அடிகளே சொல்லியிருக்கிறார். 'சிதம்பரம் இராமலிங்கம்' என்பதே அவர் இடும் கையொப்பம். இந்நிலையில் கீழே 'இராமலிங்க சுவாமிகள்' என்று கையெழுத்திட்ட தாளை ஒருவர் நீட்டினால், கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நேர்மையாகக் கிடைக்கக்கூடியவை வேறு: தைப்பூசத்துக்கு வடலூர் போகும் குடும்பங்கள் கையால் பெயர்த்தெழுதிய அருட்பா நோட்டுகள். பாட்டுக்கு மேலே எந்த மெட்டு என்று எழுதியிருக்கும், சில சமயம் 1940களின் சினிமாப் பாட்டு மெட்டுகூட இருக்கும். அதை மட்டமாக நினைக்காதீர்கள். ஒரு ஊர் ஒரு பாட்டை எப்படிப் பாடியது என்பதற்கு அதுதான் சான்று.

கைமாறிய கதை

தேவாரம் மீண்ட வரலாறு எல்லாருக்கும் தெரிந்ததே. தில்லைக் கோயிலில் ஓர் அறை, தேவாரம் பாடிய மூவர் கையடையாளமிட்ட காப்பு, மூவரும் வந்தால்தான் திறப்போம் என்ற தீட்சிதர்கள், மூவரின் திருமேனிகளையே கொண்டுவந்து நிறுத்திய அரசன், உள்ளே செல்லரித்த ஏடுகள். உமாபதி சிவம் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்வது இது. வரலாறா புராணமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. சேகரிப்பவர் கண்ணோடு அதைப் படித்தால் நமக்குத் தேவையான எல்லாமே அதில் இருக்கிறது: எந்த அறை, யார் பூட்டியது, யார் முன்னிலையில் திறந்தது, எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிஞ்சியது. அதோடு நிறுத்தவும் இல்லை. சொல் கிடைத்துவிட்டது, பண் போய்விட்டது என்றதும் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். விருத்தாசலம் பக்கத்து இராஜேந்திரபட்டினம்தான் அது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம் பண்ணைக் கேட்டு அமைத்தார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். நோட்டு கைக்கு வந்த அன்றே தனித் தாளில் எழுதுங்கள்: யாரிடம், எந்த ஊரில், எந்தத் தேதி, எழுதியவர் அவருக்கு என்ன உறவு, யாரிடம் பாடம் கேட்டவர், எவ்வளவு கொடுத்தீர்கள். கொடுத்தவரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். இந்தத் தாள் இல்லாத நோட்டு பாதி நோட்டு.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பல வருஷம் முன்பு வெளியூர் வியாபாரி ஒருவர் தனித்தாள் ஒன்றை நீட்டினார். புகழ்பெற்ற வாக்கேயக்காரர் ஒருவரின் கையொப்பம், நாலு வரி சாகித்தியம், 1951 என்று தேதி. தாள் உண்மையிலேயே பழையது, ஓரம் பொடிந்தது. என் மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் மூன்றாம் வரியில் புது 'லை' கண்ணில் பட்டது. தாளைத் திருப்பினால் பால்பாயின்ட் பள்ளம். ஏதோ பழைய நோட்டின் வெற்றுத் தாளைக் கிழித்து எழுதியிருக்கிறார்கள். இது எங்கும் உள்ள வித்தை. டோபியா நிகோத்ரா என்ற இத்தாலியர் நூலகங்களில் பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்துவந்து மொஸார்ட் கையெழுத்தெல்லாம் செய்து விற்றார், 1934இல் தண்டனை பெற்றார். அவர் செய்த 'கலிலியோ கைப்பிரதி' ஒன்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலேயே பல பத்தாண்டு பெருமையாக இருந்து, 2022இல்தான் போலி என்று தெரிந்தது. ஆகவே நான் ஏமாந்ததில் எனக்கு இப்போது வெட்கமில்லை. தனித்தாள் மட்டும் வாங்குவதில்லை. முழு நோட்டில் பொய் சொல்வது கஷ்டம். எண்பது பக்கத்துக்கு வண்ணான் கணக்கும் சம்பளப் பாக்கியும் புனைவதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது.

அதனாலேயே நல்ல பக்கம் என்று பிய்த்துச் சட்டம் போடாதீர்கள். ஓரத்துக் கிறுக்கலை ரப்பரால் அழிக்காதீர்கள்.

சட்டம்

சுருக்கமாக. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று, இலக்கிய, கலை மதிப்புள்ள கைப்பிரதி 75 ஆண்டு கடந்தால் தொல்பொருள். வைத்திருக்கலாம், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். ஓவியம் தீட்டிய கைப்பிரதியானால் பதிவும் செய்ய வேண்டும். 1947ஆம் வருஷப் பேரேடு இப்போதே 75ஐத் தாண்டிவிட்டது, ஆகவே சிங்கப்பூர் மருமகன் கேட்டால் படம் எடுத்து அனுப்புங்கள். பதிப்புரிமை தனி. நோட்டு உங்களுடையதானாலும் அதிலுள்ள பாட்டு இயற்றியவருடையது, அவர் மறைந்து 60 ஆண்டுவரை வாரிசுகளுடையது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973, ஆக 2033 முடியும்வரை. தியாகராஜருக்கு இந்தத் தொல்லை இல்லை.

உப்புக்காற்றும் வெள்ளமும்

கடலோர ஊரில் காகிதம் வைத்திருப்பது உப்பைப் பொட்டலம் கட்டிவைப்பது மாதிரி, தானாகக் கசியும். ஸ்டீல் பீரோ வேண்டாம், உள்ளே வியர்க்கும். காற்றோட்டமுள்ள மர அலமாரி, வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேல். 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. நாட்டு வழக்கப்படி வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வையுங்கள், தாளின் மேல் வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு மிரட்சி கொடுக்கும், அவ்வளவே. மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுவதுதான் உண்மையான மருந்து. செல்லோடேப் ஒட்டாதீர்கள், லாமினேஷன் செய்யாதீர்கள். லாமினேஷன் என்பது காகிதத்துக்குச் செய்யும் ஈமச்சடங்கு. ஸ்டேப்ளர் பின் துரு ஏறியிருந்தால் மெல்லக் கழற்றி வெள்ளைப் பருத்தி நூலால் தையுங்கள்.

நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் மை ஒற்றுத்தாள் வைத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில். இரண்டு நாளுக்குள் காயாது என்று தோன்றினால் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீஸருக்குள் வையுங்கள். பூஞ்சை பிடிக்காமல் நிற்கும், பிறகு நிதானமாக ஒவ்வொன்றாய் எடுத்து உலர்த்தலாம். வீட்டில் மீன் வைக்க இடமில்லை என்று சத்தம் வரும். அதற்கு என்னிடம் வழி இல்லை.

உங்களுக்குப் பின் எங்கே போகும் என்பதை இப்போதே எழுதிவையுங்கள். ஓலையானால் பக்கத்திலேயே புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது, அவர்களிடம் யோசனை கேட்கலாம். சென்னையில் ரோஜா முத்தையா நூலகமும் உ.வே.சா. நூலகமும், தஞ்சையில் சரஸ்வதி மகாலும் உண்டு.

வாங்காமலே சேகரிப்பது

கடைசியாக, நோட்டை யாரும் கொடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. சிதம்பரத்தில் ஒரு நாகஸ்வர வீடு. பெரியவர் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி நோட்டை மடியில் வைத்துக்கொண்டே பேசினார். "குடுக்க மாட்டேன் தம்பி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இதுக்குத்தான் பொட்டு வைக்கிறோம். வேணும்னா படம் புடிச்சுக்க. கிழியாம புரட்டுவியா?" என்றார். இரண்டு மத்தியானம் ஆயிற்று. ஜன்னலோரம் கறுப்புத் துணி விரித்து, நோட்டை அரைவாசிக்கு மேல் விரிக்காமல், பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், வெற்றுப் பக்கம் உட்பட வரிசையாக எடுத்தேன். வெற்றுப் பக்கத்தை விட்டுவிட்டால் பின்னால் எது கிழிந்தது, எது எழுதாதது என்று தெரியாது.

அப்படி எடுத்துக்கொண்டு போகும்போதுதான் நடுவே ஒரு தாள் கிழிந்திருப்பது தெரிந்தது. முன்பக்கத்தில் ஒரு மல்லாரி பாதியில் நிற்கிறது. கேட்டேன்.

"அது என் நாத்தனார் மவன் எடுத்துட்டுப் போனது. விருத்தாசலத்துல இருக்கான். அந்தத் தாளு அவன்கிட்ட இருக்கோ இல்லியோ தெரியாது. வாசிக்கிறான், அது மட்டும் தெரியும்."

விருத்தாசலம் பஸ் ஏறுவதற்கு முன் போனில் சார்ஜும் இடமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு படத்தைக் காட்டிலும் அதிக இடம் பிடிக்கும். தாளத்தைக் கையால் போட்டுக்கொண்டே வாசிக்கச் சொல்ல முடியாது, ஆகவே தவில்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.